செங்குழியமும் நிறப்பார்வையும்: தாய் வழியாக வரும் இரண்டு குறைபாடுகள்

பிறந்து மூன்றாம் நாள் பிள்ளைக்குச் செங்கமாரி. நீல வெளிச்சத்தின் கீழ் வைக்கிறார்கள், இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள், செங்குழியத்தைக் காக்கும் ஒரு நொதியம் குறைவு, அதாவது 'ஜீ6பீடீ குறைபாடு' என்று கிளினிக் கொப்பியில் எழுதிக் கொடுக்கிறார்கள். பிள்ளையின் தாய்மாமனோ, சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான மருத்துவச் சோதனையில் புள்ளிப் படத்துக்குள் இருந்த இலக்கம் தெரியாமல் நின்றவர்; அவருக்கு நிறக்குறைபாடு. "எல்லாம் தாய் வழி இரத்தக் கோளாறு" என்று வீட்டில் பெரியவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அந்தப் பேச்சில் பாதி சரி. இரண்டும் தாய் வழியாகத்தான் வந்தன. ஆனால் ஒன்று மற்றதை உண்டாக்கவில்லை. மாமனின் கண்ணுக்கும் பிள்ளையின் இரத்தத்துக்கும் உள்ள உறவு அயல்வீட்டு உறவு. அந்த அயலைப் புரிந்துகொண்டால், குடும்பத்தில் யாரைச் சோதிக்க வேண்டும், எந்த மருந்தை விலக்க வேண்டும், எந்தப் பயத்தைக் கைவிடலாம் என்பதெல்லாம் தெளிவாகும்.

எக்ஸ் நிறமூர்த்தத்தின் நுனி

நம் கலங்களில் 23 சோடி நிறமூர்த்தங்கள் உண்டு. அவற்றில் நீளமாகச் சுருண்டிருக்கும் டீஎன்ஏயின் ஒரு துண்டு, ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பைத் தாங்கினால் அது மரபணு. பாடநூல் அதைப் பரம்பரையலகு என்கிறது. 22 சோடிகளில் ஒவ்வொன்றிலும் தாய் தந்த பிரதி ஒன்று, தகப்பன் தந்த பிரதி ஒன்று இருக்கும். ஒன்று பழுதானாலும் மற்றது பெரும்பாலும் சமாளிக்கும்.

23ஆவது சோடியில்தான் வித்தியாசம். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு வை. ஆணின் அந்த ஒற்றை எக்ஸ் எப்போதும் தாயிடமிருந்தே வருகிறது. அதில் ஒரு மரபணு பழுதானால் ஈடுகட்ட இரண்டாவது பிரதி கிடையாது.

எக்ஸ் நிறமூர்த்தம் ஏறக்குறைய 1,560 இலட்சம் டீஎன்ஏ எழுத்து நீளமானது. அதன் நீண்ட கையின் நுனியில் மூன்று முக்கியமான குறிப்புகள் நெருங்கி இருக்கின்றன: சிவப்பு, பச்சை நிறப்பார்வைக்கான மரபணுக்கள், செங்குழியத்தைக் காக்கும் ஜீ6பீடீ நொதியத்துக்கான மரபணு, இரத்தம் உறைய உதவும் எட்டாம் காரணிக்கான மரபணு. இந்த மூன்றாவது பழுதானால் ஈமோபீலியா ஏ. நிறப்பார்வை மரபணுக்களுக்கும் ஜீ6பீடீ மரபணுவுக்கும் இடையே சில இலட்சம் எழுத்துத் தூரம்தான். மனிதரில் இரண்டு மரபணுக்கள் பிணைந்து கடத்தப்படுவது முதன்முதல் நிறுவப்பட்டதும் இந்த நுனியை வைத்துத்தான். 1937இல் ஆய்வாளர்களான பெல்லும் ஹால்டேனும் ஈமோபீலியாவையும் நிறக்குருட்டையும் சேர்த்துப் பார்த்து அதைக் காட்டினார்கள்.

செங்குழியத்துக்கு ஒரேயொரு காவல்

செங்குழியம் சுமார் 120 நாள் வாழ்கிறது. முதிர்ந்த செங்குழியத்தில் கருவும் இல்லை, இழைமணியும் இல்லை. கரு இல்லாததால் புதிதாகப் புரதம் செய்ய முடியாது. பிறந்தபோது கொண்டுவந்த நொதியத்தை வைத்தே கடைசி நாள்வரை சமாளிக்க வேண்டும்.

அது சுமப்பதோ ஒட்சிசன். ஒட்சியேற்றும் பொருள்கள் கலத்துக்குள் இடைவிடாமல் உருவாகும். அவற்றை அடக்குவது குளுட்டதயோன். ஒருமுறை வேலை செய்த குளுட்டதயோனைப் பழைய நிலைக்கு மீட்க என்ஏடீபீஎச் என்ற சேர்வை தேவை. உடம்பின் மற்றக் கலங்கள் இந்தச் சேர்வையைப் பல வழிகளில் பெறும். செங்குழியத்துக்கு உள்ள வழி ஒன்றே ஒன்று. அந்த வழியின் முதற்படியை நடத்துவதுதான் ஜீ6பீடீ, அதாவது குளுக்கோஸ்-6-பொஸ்பேற் டீஹைட்ரஜினேஸ் என்ற நொதியம்.

நொதியம் குறைவாக இருந்தாலும் சாதாரண நாட்களில் ஒன்றும் நடக்காது. இந்தக் குறைபாடு உள்ள பெரும்பாலானோர் வயல் வெட்டுவார்கள், பந்து விளையாடுவார்கள், தங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிப்பார்கள். தாக்கம் திடீரென்று கூடும்போதுதான் வினை. அது நடக்கும் ஒழுங்கு இது:

1. ஒட்சியேற்றும் மருந்து அல்லது பொருள் உடலுக்குள் போகிறது, அல்லது கடுமையான தொற்று வருகிறது.
2. குளுட்டதயோன் தீர்கிறது. ஈமோகுளோபின் சிதைந்து, ஹைன்ஸ் உடல்கள் எனப்படும் கட்டிகளாகக் கலத்தின் உட்சுவரில் ஒட்டுகிறது.
3. மண்ணீரல் அந்தக் கட்டிகளைக் கடித்தெடுப்பதுபோல் பிடுங்குகிறது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் விளிம்பில் ஒரு கடி விழுந்த அப்பளம்போலச் செங்குழியம் தெரியும்.
4. பெருந்தொகையான கலங்கள் உடைகின்றன. ஒன்று முதல் மூன்று நாளுக்குள் சலம் கடுந்தேயிலைச் சாயத்தின் நிறத்துக்கு மாறுகிறது. கண் மஞ்சளாகும், களைப்பு, மூச்சு வாங்கல், சிலருக்கு முதுகுவலி.

சலம் கறுத்துக் கண் மஞ்சளாவதெல்லாம் ஜீ6பீடீ என்றும் நினைக்கக்கூடாது. வயலில் சேற்றுக்குள் நிற்பவருக்குக் காய்ச்சலோடு இந்த அறிகுறிகள் வந்தால் எலிக்காய்ச்சலையும் உடனே சந்தேகிக்க வேண்டும். எதுவானாலும் அன்றைக்கே ஆசுப்பத்திரிக்குப் போக வேண்டிய நிலைதான்.

எது தூண்டும், எது தூண்டாது

இணையத்தில் சுற்றும் பட்டியல்கள் தேவையற்ற பயத்தைக் கிளப்புகின்றன. உறுதியாக அறியப்பட்டவை இவை:

1. மருந்துகள்: மலேரியாவுக்கான பிரிமாக்குயினும் தஃபெனோக்குயினும், தொழுநோய்க்குக் கொடுக்கும் டப்சோன், சலத்தொற்றுக்குக் கொடுக்கும் நைட்ரோபியூரன்டோயின், மெதிலீன் நீலம், சில புற்றுநோய்ச் சிகிச்சைகளோடு கொடுக்கும் ரஸ்பியூரிகேஸ்.

2. நப்தலீன் உருண்டை. இதைத்தான் வன்னி வீடுகளில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூத்த பிள்ளையின் சட்டை, துவாய், போர்வையெல்லாம் றங்குப்பெட்டிக்குள் நப்தலீனோடு கிடக்கும். அடுத்த பிள்ளை பிறந்ததும் எடுத்து, வெயிலில் ஒருக்கால் உதறிவிட்டுச் சுற்றிவிடுவார்கள். துணியில் ஏறிய நப்தலீன் ஆவி மூச்சு வழியாகவும் மெல்லிய தோல் வழியாகவும் சிசுவின் உடலுக்குள் போகும். உதறினால் அது போகாது. நன்றாகத் தோய்த்து, காற்றாடக் காயவைத்து, மணம் முற்றாக நீங்கிய பிறகே பாவிக்க வேண்டும். பிள்ளை பிறக்கப்போகும் வீட்டில் நப்தலீனே வைக்காமல் விடுவது அதைவிட நல்லது.

3. மருதோன்றி. இலையில் உள்ள சாயம் தோலினூடாக உறிஞ்சப்படும். ஜீ6பீடீ குறைந்த சிசுக்களுக்கு மருதோன்றி பூசிய பிறகு செங்குழியங்கள் கடுமையாக உடைந்தது மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறது. 31ஆம் நாள் துடக்குக் கழிவுக்குப் பிஞ்சு உள்ளங்கையில் வைக்கும் சின்னப் பொட்டுக்கூட வேண்டாம்.

4. ஃபாவா அவரை. மத்தியதரைக் கடற்கரை நாடுகளில் தின்னும் இந்தப் பயற்றையே பட்டியல்கள் 'அவரை' என்று மொழிபெயர்த்துவிடுகின்றன. நமது வேலியில் படரும் அவரை வேறு இனச் செடி. ஃபாவாவில் இருக்கும் வைசீன், கொன்வைசீன் என்ற பொருள்கள்தான் குற்றவாளிகள். பயற்றங்காய், போஞ்சி, உழுந்து, பருப்பு, கடலை இவற்றை இந்தக் குறைபாட்டின் பெயரால் பிள்ளைக்கு மறுப்பது புரதத்தை மறுப்பதாகும்.

சாதாரண அளவில் கொடுக்கும் பரசிற்றமோலுக்கும் தடை இல்லை. உண்மையில் அதிகம் பேருக்குத் தூண்டுகோலாவது மருந்தல்ல, தொற்று நோய். காய்ச்சல் காலத்தில் சலத்தின் நிறத்தைக் கவனிக்கச் சொல்வது அதனால்தான்.

புதிதாய்ப் பிறந்த பிள்ளைக்கு வேறு ஆபத்து. செங்கமாரியை உண்டாக்கும் பிலிரூபின் மிதமிஞ்சினால் மூளையைத் தாக்கும். அந்தச் சேதம் திரும்பாது. காலை வெயிலில் பிடிப்பது ஆசுப்பத்திரியின் நீல ஒளிச் சிகிச்சைக்கு ஈடாகாது. பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, மஞ்சள் உள்ளங்காலுக்கு இறங்கினாலோ, பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்தாலோ விடியும்வரை பார்த்திருக்கக்கூடாது.

வீரைப்பழமும் மூன்று கூம்புகளும்

வன்னிக் காட்டில் வீரை பழுக்கும் காலத்தில் மரத்தைப் பார்த்தால், பச்சை இலைக்கு நடுவே செக்கச்செவேலென்று பழம் தெறித்துக் கிடக்கும். எல்லோருக்கும் அது தெறிப்பதில்லை. நிறக்குறைபாடுள்ள பையன் கிளையின் உருவத்தைப் பார்ப்பான், உருண்டையைத் தேடுவான், கிட்டப் போய்த்தான் பறிப்பான். மஞ்சளான பாலைப்பழத்தில் அவனுக்கு அவ்வளவு சிரமம் இராது.

விழித்திரையில் மூன்று வகைக் கூம்புக் கலங்கள் உண்டு. ஒளியை அலைநீளத்தால் அளந்தால், ஒன்று 420 நனோமீற்றர் அளவிலும், அடுத்தது 530 அளவிலும், மூன்றாவது 560 அளவிலும் அதிகம் தூண்டப்படும். வழக்கில் இவற்றை நீலம், பச்சை, சிவப்புக் கூம்புகள் என்கிறோம். நீலத்துக்கான மரபணு 7ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அது ஆண், பெண் இருவருக்கும் இரண்டு பிரதி. சிவப்பும் பச்சையும்தான் எக்ஸின் நுனியில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன.

அவை இரண்டும் ஒரே மரபணு இரட்டித்துப் பிரிந்தவை. இன்றும் 96 வீதத்துக்கு மேல் ஒரே எழுத்துகள். நம் காட்டுக் குரங்குக்கும் இந்த மூன்று கூம்புகளும் உண்டு. நாய்க்கும் மாட்டுக்கும் இரண்டுதான். சிவப்பு, பச்சை மரபணுக்களின் அந்த ஒற்றுமைதான் பழுதுக்கும் காரணம். தாயின் உடலில் சூல்முட்டை உருவாகும்போது இரண்டு எக்ஸ்களும் பக்கத்தில் நின்று துண்டுகளை மாற்றிக்கொள்ளும். இரண்டு மரபணுக்களும் ஏறக்குறைய ஒரேமாதிரி இருப்பதால், சிவப்பு பச்சையோடு பிழையாகப் பொருந்தி வெட்டுப்பட்டுவிடும். விளைவாக ஒரு எக்ஸ் பச்சை மரபணுவை இழக்கும், அல்லது சிவப்பும் பச்சையும் கலந்த கலப்பு மரபணு ஒன்று பிறக்கும்.

ஒரு கூம்பு முற்றாக இல்லாவிட்டால் கடுமையான குறைபாடு; கலப்பு மரபணுவால் இரண்டு கூம்புகளின் உச்சங்கள் நெருங்கிவிட்டால் மிதமான குறைபாடு. மிதமான பச்சைக் குறைபாடே உலகில் அதிகம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 100க்கு 8 பேர், பெண்களில் 200க்கு ஒருவர் சிவப்பு-பச்சைக் குறைபாடு உள்ளவர்கள். 'நிறக்குருடு' என்ற சொல்லால்தான் சனங்கள் உலகமே கறுப்பு வெள்ளையாகத் தெரியும் என்று நினைக்கிறார்கள். அது மிக அரிதான வேறு நோய். இவர்களுக்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும். சிவப்பு, பச்சை, மண்ணிறம், செம்மஞ்சள் இவைதான் ஒன்றோடொன்று குழம்பும்.

வீதிச் சமிக்ஞை விளக்கில் சிவப்பு மேலே, பச்சை கீழே என்ற ஒழுங்கு கைகொடுக்கும். ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் வழியாக இரவில் ஓடும் புகையிரதத்தின் சாரதிக்குத் தூரத்தில் தெரிவது சில வேளை ஒரேயொரு வெளிச்சப் புள்ளி. மேல் கீழ் என்று எதுவும் இல்லை, நிறம் மட்டும்தான். புகையிரத வேலைக்கு நிறப்பார்வை கேட்பதன் நியாயம் அங்கே இருக்கிறது.

இரண்டும் ஒருவருக்கே வருமா?

வரலாம். தாயின் ஒரு எக்ஸில் இரண்டு பழுதும் இருந்து, அந்த எக்ஸ் மகனுக்குப் போனால் அவனுக்கு இரண்டும் வரும். அவ்வளவு நெருக்கத்தில் இருப்பவை பிரிவது அரிது. தாயின் ஒரு எக்ஸில் ஒன்றும் மற்ற எக்ஸில் மற்றதும் இருந்தால், ஒரு மகனுக்குச் செங்குழியக் குறைபாடு, இன்னொரு மகனுக்கு நிறக்குறைபாடு என்று பிரிந்து போகும். ஆகவே மாமனுக்கு நிறக்குறைபாடு இருப்பதை வைத்து மருமகனின் இரத்தத்தை ஊகிக்க முடியாது.

இரண்டும் சேர்ந்தவருக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. "சலம் சிவந்தால் வாங்கோ" என்று சொல்லி அனுப்பினால் அந்தச் சிவப்பு அவருக்குப் பிடிபடாமல் போகலாம். "வழமையைவிட இருண்டால் வாங்கோ, வீட்டில் வேறொருவரையும் பார்க்கச் சொல்லுங்கோ" என்று சொல்ல வேண்டும்.

பெண்களில் கதை வேறு. பெண்ணின் ஒவ்வொரு கலத்திலும் இரண்டு எக்ஸ்களில் ஒன்று கருப்பருவத்திலேயே மூடப்படுகிறது. எது மூடப்படும் என்பது கலத்துக்குக் கலம் வேறுபடும். 1961இல் மேரி லயன் என்ற ஆய்வாளர் முன்வைத்த கருத்து இது. ஒரு எக்ஸில் மட்டும் பழுதைத் தாங்கும் பெண்ணைக் காவி என்பார்கள். ஜீ6பீடீ காவியான பெண்ணின் இரத்தத்தில் நொதியம் உள்ள செங்குழியங்களும் இல்லாதவையும் கலந்தே ஓடும். சிலருக்கு நல்லவை 80 வீதம், சிலருக்கு 20 வீதம். அதனால் 'காவிதானே, அவவுக்கு ஒன்றும் செய்யாது' என்ற ஆறுதல் எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது.

மாமன் மகளா, மாமி மகளா?

முதலில் மூன்று விதிகள்:

1. குறைபாடுள்ள தகப்பன் தன் எக்ஸை மகனுக்குக் கொடுப்பதில்லை. மகள்மார் எல்லோருக்கும் கொடுப்பார், எல்லோரும் காவிகள்.
2. காவியான தாயின் ஒவ்வொரு மகனுக்கும் குறைபாடு வரும் வாய்ப்பு 2இல் 1. ஒவ்வொரு மகளும் காவியாகும் வாய்ப்பும் 2இல் 1.
3. ஒரு பெண்ணின் இரண்டு எக்ஸிலும் பழுது இருக்க வேண்டுமானால், தகப்பனுக்குக் குறைபாடு இருக்க வேண்டும், தாய் குறைந்தது காவியாகவாவது இருக்க வேண்டும்.

நம்மிடையே மச்சான் மச்சாள் கல்யாணம் வழக்கம். மாமன் மகளோ மாமி மகளோ, முறை ஒன்றுதான் என்கிறோம். எக்ஸ் நிறமூர்த்தத்துக்கு அவை ஒன்றல்ல.

தாயின் சகோதரனுடைய மகளைக் கட்டும் ஆணை எடுங்கள். அவனுடைய எக்ஸ் தாயிடமிருந்து வந்தது. பெண்ணின் ஒரு எக்ஸ் அவளுடைய தகப்பனிடமிருந்து, அதாவது அந்தத் தாயின் சகோதரனிடமிருந்து வந்தது. அக்கா தம்பி இருவரும் ஒரே அம்மம்மாவின் பிள்ளைகள். ஆக அம்மம்மாவின் ஒரே எக்ஸ் துண்டு இரண்டு பக்கத்தாலும் வந்து இந்தத் தம்பதியின் மகளில் சந்திக்கலாம். கணக்கு இப்படி: மாப்பிள்ளையின் எக்ஸ் அம்மம்மாவினதாக இருக்க 2இல் 1, பெண் தன் தகப்பன் தந்த எக்ஸைக் கடத்த 2இல் 1, இரண்டும் அம்மம்மாவின் அதே பிரதியாக இருக்க 2இல் 1. பெருக்கினால் 8இல் 1.

தகப்பனின் சகோதரி மகளைக் கட்டினால்? மாப்பிள்ளையின் எக்ஸ் தாய் தந்தது. மாமியோ தகப்பன் பக்கம். இந்த உறவு வழியாக ஒரே எக்ஸ் இரண்டு பக்கத்தாலும் வந்து சந்திக்க வழியே இல்லை. விடை பூச்சியம்.

மகன்மாரின் வாய்ப்பை இரண்டு கல்யாணமும் மாற்றாது. மகனின் எக்ஸ் தாயினது மட்டும். தாய் காவியானால் அவ அந்நியனைக் கட்டினாலும் அதே 2இல் 1தான்.

தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோயை இந்தக் கணக்குக்குள் இழுக்கக்கூடாது. பீற்றா தலசீமியாவின் மரபணு 11ஆம் நிறமூர்த்தத்தில், அல்ஃபாவினது 16இல். அங்கே மாமன் மகளும் மாமி மகளும் சமம், இரண்டுக்கும் 16இல் 1. பீற்றா தலசீமியாவில் தாய், தகப்பன் இருவருமே காவிகளானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 4இல் 1 கடுமையான நோய். முறைப்பெண்ணையோ முறைமாப்பிள்ளையையோ பேசுபவர்கள் கல்யாணத்துக்கு முன் எடுக்க வேண்டிய சோதனை தலசீமியாவுக்கானது. ஜீ6பீடீயோ நிறக்குறைபாடோ கல்யாணத்தைக் குழப்பக் காரணமே அல்ல.

மலேரியா ஒழிந்த நாட்டில் இது எதற்கு?

ஜீ6பீடீ குறைபாடு உலகில் 40 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு உண்டு. மலேரியா நீண்டகாலம் வாட்டிய நிலங்களில்தான் அது அதிகம், ஏனென்றால் கடுமையான மலேரியாவிலிருந்து அது ஓரளவு காப்பாற்றுகிறது. குளமும் காடுமான வன்னிக்கு அந்த நோயைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. நோய் ஒழியுமுன் இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா 2012 ஒக்ரோபரில் பதிவானது. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாகச் சான்றளித்தது.

ஆனால் வெளிநாடு போய்த் திரும்புபவர்களோடு நோய் வருகிறது. நகரங்களில் பெருகி மலேரியாவைப் பரப்பக்கூடிய அனோபிலீஸ் ஸ்டீபன்சி நுளம்பு மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டதும் கவலைக்குரியது. விவாக்ஸ் என்ற வகை மலேரியா ஈரலுக்குள் உறங்கிக் கிடந்து மாதக்கணக்கின் பின் எழும்பும். அந்த உறங்குநிலையைக் கொல்ல பிரிமாக்குயின் வேண்டும். வழமையான அளவு உடல் நிறையில் கிலோவுக்கு 0.25 மில்லிகிராம் வீதம் தினமும் 14 நாள். ஜீ6பீடீ குறைந்தவருக்கு இது ஆபத்து. அவருக்குக் கிலோவுக்கு 0.75 மில்லிகிராம் வீதம் கிழமைக்கு ஒருதரம், 8 கிழமை, மருத்துவக் கண்காணிப்பில். 60 கிலோ மனிதருக்கு அது தடவைக்கு 45 மில்லிகிராம். வெளிநாட்டிலிருந்து வந்து காய்ச்சலோடு போகிறவர், பயணத்தையும் ஜீ6பீடீ விவரத்தையும் கேட்கும்வரை காத்திராமல் தானே சொல்ல வேண்டும்.

சோதனைகள் எங்கே பிழைக்கின்றன

நிறப்பார்வைக்கு 1917இல் வந்த இஷிஹாராவின் புள்ளிப் படங்களே இன்றும் பயன்படுகின்றன. படத்தை 75 சென்ரிமீற்றர் தூரத்தில், கண்ணுக்கு நேராக, பகல் வெளிச்சத்தில் பிடித்து, மூன்று செக்கனுக்குள் விடை கேட்க வேண்டும். மஞ்சள் குமிழ் வெளிச்சத்தின் கீழும், வெயிலில் வெளிறிய பழைய புத்தகத்திலும், கைபேசித் திரையிலும் பார்த்து எடுத்த முடிவை நம்பக்கூடாது. கண்ணாடி போடுபவர் அதைப் போட்டுக்கொண்டே பார்க்கலாம், நிறக்கண்ணாடி கூடாது.

ஜீ6பீடீக்குப் பல இடங்களில் செய்யும் மலிவான சோதனையில், இரத்தத்தோடு சோடியம் நைத்திரைற்றும் குளுக்கோசும் மெதிலீன் நீலமும் கலந்து 37 பாகை வெப்பத்தில் மூன்று மணித்தியாலம் வைப்பார்கள். நொதியம் உள்ள இரத்தம் தெளிந்த சிவப்பாகும். நொதியம் குறைந்தது மண்ணிறமாகவே நிற்கும். முடிவைச் சொல்வது சிவப்பா மண்ணிறமா என்று பார்க்கும் கண். நிறக்குறைபாடுள்ளவர் குழம்பும் அதே இரண்டு நிறங்கள். ஆய்வுகூடத்தில் இந்தக் குழாயைப் பார்ப்பவரின் நிறப்பார்வையும் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். மற்றொரு முறையில் வடிதாளில் வைத்த இரத்தப் பொட்டு ஊதாக்கடந்த ஒளியில் மிளிர்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டு முறையும் ஆண்களில் நன்றாகப் பிடிக்கும். நொதியம் பாதியளவில் நிற்கும் காவிப் பெண்களைப் பெரும்பாலும் 'சரி' என்றே காட்டிவிடும்; அவர்களுக்கு நொதியத்தை அளவிட்டுச் சொல்லும் சோதனை வேண்டும். தஃபெனோக்குயின் கொடுக்க நொதியம் வழமையின் 70 வீதத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்பது அதனால்தான்.

அடிக்கடி நடக்கும் பிழை இன்னொன்று. சலம் கறுத்து ஆசுப்பத்திரியில் கிடக்கும்போதே இரத்தம் எடுத்து, 'ஜீ6பீடீ சரியாக இருக்கிறது' என்று முடிவு வரும். நொதியம் குறைந்த முதிய கலங்கள் முன்பே உடைந்துவிட்டன. எலும்பு மச்சையிலிருந்து அவசரமாக வந்த இளங்கலங்களில் நொதியம் கூட. அந்த இளங்கலங்களைத்தான் சோதனை அளந்தது. இரத்தம் ஏற்றியிருந்தால் அளந்தது தானம் தந்தவரின் நொதியத்தையும் சேர்த்துத்தான். இரண்டு மூன்று மாதம் கழித்து, உடல் தேறிய பிறகு, திரும்பச் செய்விக்க வேண்டும். அதுவரைக்கும் குறைபாடு இருப்பதாகவே எண்ணி மருந்து கொடுக்கச் சொல்லிக் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.